கிழிந்த கண்டாங்கியும் மகளின் இரட்டைச் சடையும்

போன ஐப்பசியில் மகளுக்குத் தலை வாரும்போது சீப்பில் நிறைய முடி வந்தது. கொட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். வந்த முடியை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தேன். வேரோடு உதிர்கிற முடிக்கு ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன முண்டு இருக்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை அப்படி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் தாளில் கிடந்ததில் பாதிக்கு மேல் குட்டைத் துண்டுகள். இரண்டு முனையிலும் முண்டு இல்லை. அப்படியென்றால் அவை உதிரவில்லை, நடுவில் அறுந்திருக்கின்றன. தலையைத் திருப்பிப் பார்த்தால் நெற்றி ஓரத்திலும், சடை நுனியில் ரப்பர் பேண்டு போடுகிற இடத்திலும் முடி ஏறுமாறாக நின்றது.

காரணம் என் கையில்தான் இருந்தது. பள்ளி வேன் ஏழே முக்காலுக்கு வந்துவிடும். ஆறரைக்குத் தலைக்கு ஊற்றி, அரைகுறையாகத் துவட்டி, ஈரத்தோடே இறுக்கிப் பின்னி, நுனியில் கறுப்பு ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றிவிடுவேன். ஈர முடி காய்ந்த முடியைவிட அதிகம் இழுபடும், எளிதில் அறும். மாலையில் அந்த ரப்பரைக் கழற்றும்போது நாலைந்து முடி அதோடு பின்னிக்கொண்டு வரும். இறுக்கிப் பின்னுவது இன்னொரு கேடு. தினமும் ஒரே இடத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தால் நெற்றி ஓரத்து முடி வேரிலேயே நலிந்து, நாளாக ஆக அந்த இடத்தில் முளைப்பதே நின்றுபோகவும் கூடும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதை நானே செய்துகொண்டிருந்தேன் என்பது பல நாள் மனத்தை உறுத்தியது.

சரி, எலாஸ்டிக்கின் மேல் துணி வைத்துத் தைத்த முடி வளையம், அதாவது ஸ்க்ரஞ்சிக்கு மாறலாம் என்று தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் கேட்டேன். ஒன்று 30 ரூபாய். நாலு வாங்கினேன். பாலியஸ்டர் துணி, வழவழவென்று இருந்தது. அவளுடைய மெல்லிய முடியில் நிற்காமல் மதியத்துக்குள் வழுக்கி இறங்கிவிடும். மூன்று வாரத்தில் உள்ளே இருந்த எலாஸ்டிக்கும் தொய்ந்துபோனது.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். இரண்டாங்கட்டு அறையில் இருந்த ஆயாவின் (பாட்டியின்) தகரப் பெட்டியைத் திறந்து, துணிகளை அம்மா வெயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கண்டாங்கி, செட்டிநாட்டுப் பருத்திச் சேலை. அரக்கு நிறத்தில் மஞ்சள் கட்டம், அகலமான கறுப்புக் கரை. நடுவில் இரண்டு இடத்தில் கிழிந்து, ஒரு பக்கம் நைந்திருந்தது. தரை துடைக்க ஆகும் என்று நான் எடுத்தேன்.

"ஆயா கண்டாங்கியப் போயித் தரை தொடைக்க எடுக்குறியே ஆத்தா" என்று அம்மா கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் மகள் சேலையின் ஒரு நுனியை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, "அம்மா, இது குத்தவே இல்ல" என்றாள். இந்த வேலை தொடங்கியது அந்தச் சொல்லில்தான். புதுக் கண்டாங்கி தடித்த பருத்தி, மொரமொரவென்று இருக்கும். இதுவோ முப்பது வருடத்துக்கு மேல் கட்டித் துவைத்து, அடித்து, வெயிலில் உலர்ந்து, குழந்தையின் தொட்டில் துணி மாதிரி ஆகியிருந்தது. இந்த மென்மையைக் கடையில் காசு கொடுத்து வாங்க முடியாது.

இரண்டு நாள் யோசித்தேன். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு புதுச் சேலைகளைப் பற்றிப் பேச்சு நிறைய. பழசைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்காரர்கள் தகரப் பெட்டியைக்கூட நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கிற கிழிந்த துணிக்கு மட்டும் விலை கிடையாது. வெட்டலாமா என்று அம்மாவிடம் கேட்டபோது, "முந்திய மட்டும் விட்டுரு. மத்தது புள்ள தலையில இருந்தா ஆயாவுக்குச் சந்தோசந்தான்" என்றார்கள்.

முதல் வேலை, எந்த இடம் உறுதி, எந்த இடம் போய்விட்டது என்று பார்ப்பது. வளவு முற்றத்தில் அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சேலையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். நைந்த இடத்தில் வெளிச்சம் சல்லடை போல வந்தது. இடுப்பில் செருகுகிற பகுதியும் குதிகாலில் உரசுகிற கீழ் ஓரமும்தான் மோசம். அந்த இடங்களைச் சாக்பீஸால் சுற்றி வளைத்துவிட்டேன். அப்புறம் நன்றாகத் தெரிந்த இடங்களிலும் இரண்டு கட்டை விரலுக்கு நடுவே துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இழைகள் விலகி நின்றால் அந்த இடமும் ஆகாது. கரை மட்டும் அசையவே இல்லை, நேற்று நெய்தது போல இருந்தது.

துவைப்பதற்குப் பூந்திக்கொட்டைதான் எடுத்தேன். பத்துக் கொட்டையை உடைத்து விதையை நீக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் நல்ல நுரை வரும். பழைய நூலுக்குச் சோப்புத் தூளின் காரம் வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் தண்ணீரை அழுத்தி எடுத்து நிழலில் உலர்த்தினேன்.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். பழைய சேலைதானே, போக வேண்டிய சாயமெல்லாம் எப்போதோ போயிருக்கும் என்று சோதிக்காமல் விட்டுவிட்டேன். கறுப்புக் கரையில் முதல் ஸ்க்ரஞ்சி தைத்து மாட்டி அனுப்பினேன். அன்றைக்கு மாலை மழை. நனைந்து வந்த பிள்ளையின் வெள்ளைச் சட்டைக் காலரில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். அந்தக் கறை இன்றுவரை முழுதாகப் போகவில்லை. இப்போது எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் இப்படிப் பார்க்கிறேன்: ஒரு மூலையை நன்றாக நனைத்து, அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்றை வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அரை நிமிடம் அழுத்த வேண்டும். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி தலைக்கு ஆகாது. அரக்கும் மஞ்சளும் துளிகூட ஏறவில்லை, கறுப்பு மட்டும்தான் ஏறியது. கறுப்பை ஒதுக்கிவைத்தேன்.

வெட்டும்போது கண்டாங்கியின் அருமை தெரிந்தது. ஸ்கேலும் டேப்பும் தேவைப்படவே இல்லை. கட்டமே அளவு. எங்கள் சேலையில் நாலு கட்டம் சேர்ந்தால் சரியாக 3 அங்குலம் வந்தது. ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து இரண்டு கையாலும் கிழித்தால், துணி நூலை ஒட்டியே நேராகக் கிழிந்துகொண்டு போகும். கத்தரியில் வெட்டினால் எனக்கு ஒரு நாளும் அவ்வளவு நேராக வராது. ஆனால் நைந்த இடத்துக்குப் பக்கத்தில் கிழிக்கக் கூடாது. கிழிசல் அந்தப் பக்கம் ஓடிவிடும். அங்கே கத்தரிதான்.

முதலில் எல்லோரும் சொல்கிற அளவில் செய்தேன்: துணி 4 அங்குல அகலம், 22 அங்குல நீளம், எலாஸ்டிக் 7 அங்குலம். என்னுடைய கொண்டைக்கு அது அருமையாக உட்கார்ந்தது. மகளின் சடை நுனியிலோ கொத்துச் செவ்வந்தியைக் கட்டியது போலப் பெரிதாக நின்றது, பாரம் தாங்காமல் கழன்றும் விட்டது. குறைத்துக் குறைத்துப் பார்த்து, கடைசியில் அவளுக்குச் சரிப்பட்ட அளவு: அகலம் 3 அங்குலம், நீளம் 14 அங்குலம், எலாஸ்டிக் 5 அங்குலம். எலாஸ்டிக் 6 மில்லிமீட்டர் தட்டை ரகம். வாங்கும்போது ஒரு சாண் பிடித்து இரண்டு மடங்கு இழுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பழைய அளவுக்குத் திரும்பாமல் கொஞ்சம் நீண்டு நின்றால் அது பல நாள் கடையில் கிடந்த சரக்கு.

தைப்பது இப்படி. துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி நீளத் தையல் போட வேண்டும். தைக்கும் முன்பே ஒரு கெட்டி நூலை மடிப்புக்குள் படுக்கவைத்து, அதன் ஒரு முனையை மட்டும் துணியின் ஒரு வாயோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். தைத்து முடித்ததும் மறு வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை இழுத்தால் குழாய் முழுவதும் தானாக நல்ல பக்கம் புரண்டு வந்துவிடும். அப்புறம் வாயில் போட்ட தையலைப் பிரித்துவிடலாம். ஊக்கைக் குத்தித் தள்ளித் தள்ளிப் புரட்டியதில் முதல் மூன்றுக்கு முக்கால் மணி நேரம் போனது. நூல் வைத்த பிறகு ஒன்றுக்கு ஒரு நிமிடம்தான்.

எலாஸ்டிக் கோக்க மட்டும் ஊக்கு வேண்டும். ஒரு முனையில் ஊக்கைக் குத்தி உள்ளே ஓட்ட வேண்டும். மறு முனை உள்ளே ஓடிவிடாமல் இருக்க அதைத் துணியோடு சேர்த்து இன்னொரு ஊக்கால் குத்தி வைக்க வேண்டும். வெளியே வந்ததும் இரண்டு முனையையும் அரை அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்னும் பின்னுமாக நாலு தரம் தைக்க வேண்டும். முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சு உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும், முடி அங்கேதான் மாட்டும். கடைசியில் துணியின் ஒரு வாயைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, மறு வாயை அதற்குள் செருகி, கையால் மெல்லிய தையல் போட்டால் முடிந்தது.

பழைய துணியைத் தைப்பதில் தனிக் கவனம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டு மிதி மெஷினில் எப்போதும் 16 ஆம் நம்பர் ஊசிதான் இருக்கும். அந்த ஊசியில், சேலையின் உடல் பகுதியில் தைத்த முதல் இரண்டும் தையல் ஓரத்திலேயே கிழிந்துவிட்டன. தபால்தலை ஓரத்தில் ஓட்டை வரிசையாக இருந்தால் எப்படி எளிதாகக் கிழியுமோ அப்படி. தடித்த ஊசி இழையை அறுக்கிறது, நெருங்கிய தையல் ஓட்டைகளைப் பக்கம் பக்கமாகப் போடுகிறது. 11 ஆம் நம்பர் ஊசி மாற்றி, தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்தேன். அதன் பிறகு ஒன்றுகூடக் கிழியவில்லை.

பள்ளிக்கு ரிப்பன் கட்ட வேண்டும். அரக்கு ரிப்பன் பள்ளியில் சரி என்று சொன்னதால் கட்டம் இல்லாத அரக்குப் பட்டையை எடுத்துக்கொண்டேன். சேலையின் நெய்த விளிம்பு ஒரு ஓரமாக வரும்படி எடுத்தால் அந்தப் பக்கம் பிசிறே வராது. மறு ஓரத்தை மட்டும் சுருட்டித் தைத்தால் போதும், பாதி வேலை மிச்சம். கடை ரிப்பன் வழுக்கும். வழுக்குவதால் நாம் இறுக்குகிறோம். பருத்தி ரிப்பன் முடியைப் பிடித்து நிற்கும். லேசாகக் கட்டினாலே மாலைவரை இருக்கிறது.

துணி மாறினால் மட்டும் போதாது, என் கைப்பழக்கமும் மாற வேண்டியிருந்தது. தலைக்கு ஊற்றுவதை முந்தின நாள் மாலைக்கு மாற்றினேன். சேலையின் நைந்த, ஆனால் கிழியாத பகுதியில் ஒன்றரை கெஜம் அளவு தலை துவட்டும் துணியாக வைத்துக்கொண்டேன். தேய்க்காமல் முடியைச் சுற்றி அழுத்தி எடுத்தால் தண்ணீரை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. தேங்காய்ப்பூத் துண்டின் சொரசொரப்பு இதில் இல்லை. சிக்கை நுனியிலிருந்து எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். பின்னும்போது முதல் இரண்டு மூன்று பின்னலைத் தளர்வாக விட்டு, கீழே வர வரக் கொஞ்சம் நெருக்குகிறேன். காதோரம் ஒரு விரல் நுழைய வேண்டும், அதுதான் என் கணக்கு. வகிட்டையும் வாரத்துக்கு ஒரு தரம் ஒரு விரற்கடை தள்ளி எடுக்கிறேன், ஒரே இடம் தினமும் இழுபடாமல் இருக்க.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரவு தூங்கும்போது தலைக்கு அடியில் பருத்தியைவிடப் பட்டு நல்லது. பட்டில் உரசல் குறைவு. ஜரிகை போன பட்டுச் சேலை ஏதாவது வீட்டில் இருந்தால், ஜரிகை இல்லாத உடல் பகுதியில் தலையணை உறை தைத்துக்கொள்ளலாம். என்னிடம் பழைய பட்டு இல்லை, அதனால் செய்யவில்லை.

மார்கழியில், செட்டிநாட்டு வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு வந்தது. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கூடுவார்கள். சுருள் சுருளாக முடி வேண்டும் என்று மகளுக்கு ஆசை. சூடு காட்டிச் சுருட்டும் கருவியை வாங்கித் தரச் சொல்லி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே அறுந்து கிடக்கிற முடிக்குச் சூடு எதற்கு? மிச்சத் துணியில் ஒன்றரை அங்குல அகலம், 10 அங்குல நீளத்தில் பதினான்கு பட்டை கிழித்தேன். முடிக்குள் தண்ணீர் போனால் அதன் உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விலகும். காயும்போது முடி எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே மறுபடி சேரும். அந்தக் கருவி சூட்டால் செய்வதைத் துணி ஓர் இரவில் செய்துவிடும்.

ஒத்திகை பார்த்த அன்று ஈரம் சொட்டச் சொட்டச் சுருட்டிவிட்டேன். காலையில் அவிழ்த்தால் உள்ளே இன்னும் ஈரம். ஐந்து நிமிடத்தில் முடி நேராகிவிட்டது, பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர். நோன்புக்கு முந்தின நாள் முன்யோசனையோடு செய்தேன். முக்கால்வாசி காய்ந்து, தொட்டால் சில்லென்று மட்டும் இருக்கும் பதம். ஒரு விரல் கனத்துக்கு முடியைப் பிரித்து, நுனியைப் பட்டையின் நடுவில் வைத்து மேலே சுருட்டிக்கொண்டு போய், மண்டைக்கு ஓர் அங்குலம் இருக்கும்போது நிறுத்திப் பட்டையின் இரு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். மண்டை வரை இறுக்கினால் படுக்கும்போது வலிக்கும். மறுநாள் மத்தியானம், ஒன்றை மட்டும் அவிழ்த்து உள்ளே ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே மற்றதை அவிழ்த்தேன். சீப்புப் போடாமல் விரலால் மட்டும் கோதிவிட்டேன். சுருள்கள் தோளில் துள்ளின. இரவு நோன்புச் சடங்கான இழை எடுத்தல் முடியும்போது மார்கழிப் பனியில் கொஞ்சம் தளர்ந்திருந்தன. காற்றில் ஈரம் இருந்தால் அப்படித்தான் தளரும். கோடையில் இன்னும் நன்றாக நிற்கும்.

ஸ்க்ரஞ்சிகளை எதில் போட்டு வைப்பது என்று தேடியபோது அம்மா வீட்டு அடுக்களைப் பரணில் ஓலைக் கொட்டான் (பனையோலைக் கூடை) ஒன்று கிடைத்தது. வாய் ஓரத்து ஓலைகள் பிரிந்து ஒடிந்திருந்தன. காய்ந்த பனையோலையை அப்படியே வளைத்தால் முறிந்துவிடும். ஈரத் துணியை அரை மணி நேரம் வாயைச் சுற்றிப் போட்டுவைத்தேன். ஓலை இளகியதும் பிரிந்த ஓலைகளை உள்ளே மடித்துச் செருகினேன். சாயம் விடுகிறது என்று ஒதுக்கிவைத்த கறுப்புக் கரை இங்கே கைகொடுத்தது. இரண்டு அங்குலப் பட்டையாக எடுத்து, வாயைச் சுற்றிப் பாதி உள்ளே பாதி வெளியே மடித்து, கோணி ஊசியில் இரட்டை நூல் போட்டுச் சுற்றித் தைத்துவிட்டேன். நிழலில் இரண்டு நாள் காயவிட்டதும் வாய் கல் மாதிரி நின்றது. ஈரம் உள்ளே இருக்கும்போதே எடுத்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

எதற்கும் ஆகாத சல்லடைத் துண்டுகள் கடைசியில் தரை துடைக்கத்தான் போயின. அம்மா இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. ஆத்தங்குடிக் கல்லுக்கு அரை வாளித் தண்ணீரில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு இந்தத் துணியால் துடைத்தால் பளபளப்பு ஏறுகிறது. கறை போக ஆசிட்டோ எலுமிச்சையோ ஊற்றிவிடாதீர்கள். அது சிமென்ட் கல், புளிப்பு அரித்துவிடும்.

செலவைச் சொல்கிறேன். எலாஸ்டிக் 5 மீட்டர் 40 ரூபாய், நூல் இரண்டு கண்டு 20, ஊசி 25. மொத்தம் 85 ரூபாய். கிடைத்தது மகளுக்குச் சின்னது 16, எனக்கும் அம்மாவுக்கும் பெரியது 6, ரிப்பன் இரண்டு ஜோடி, சுருட்டும் பட்டை 14, துவட்டும் துணி ஒன்று. ஸ்க்ரஞ்சி இருபத்திரண்டையும் கடையில் வாங்கியிருந்தால் அதற்கே 660 ரூபாய். மெஷின் வீட்டில் இருந்ததால்தான் இந்தக் கணக்கு. இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம். ஒரு முன் தையல் போட்டு அதன் பாதிக்குத் திரும்பி வந்து குத்தினால் மெஷின் தையல் அளவுக்கு நிற்கும். ஒன்றுக்கு அரை மணி நேரம் பிடிக்கும்.

போன வாரம் மறுபடி வெள்ளைத் தாளை விரித்து முடியைப் பரப்பிப் பார்த்தேன். குட்டைத் துண்டு மூன்றுதான். நெற்றி ஓரத்தில் புது முடி சின்னச் சின்னதாக நிமிர்ந்து நிற்கிறது. எண்ணெய் தடவினாலும் படிவதில்லை, நான் படிய வைக்கவும் இல்லை.

முந்தியை அம்மா சொன்னபடியே வெட்டவில்லை. விளிம்பில் பிரிந்திருந்த நூல்களை மட்டும் எட்டெட்டாகச் சேர்த்து முடிச்சுப் போட்டு, மடித்து, பெட்டியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.